நீரிழிவு

திருத்தணிகை மலைக்கு அண்மையில், ஆந்திர மாநிலத்தின் எல்லையை ஒட்டிப் பொதட்டூர்பேட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. அது நெசவாளர் மிகுதியாக வாழும் ஊராகும். அதன் தெருக்களில் நடந்து செல்வோரின் செவிகளில் தறியோசை இடையறாது ஒலிக்கும். கைத்தறியில் அமர்ந்து தொழில் புரிவார்க்கு மூன்று உறுப்புகள் இன்றியமையாதவை. நெருங்கிக் கிடக்கும் மெல்லிய இழைகளைப் பிரித்தறியக் கண் வேண்டும். அறுந்த இழையைத் தடவி எடுத்து முடிச்சிட விரல்களில் கூரிய உணர்ச்சி வேண்டும். மிதிபலகையை முறை தவறாது மிதிப்பதற்குக் காலில் உரம் வேண்டும். இம்மூன்றையும் ஓசையின்றிக் கவர்ந்து கொள்ளும் நோய் ஒன்று உண்டு. அதுவே நீரிழிவு.

நோய் என்றவுடன் காய்ச்சல், வயிற்றுவலி, புண் முதலியனவே மக்கள் நினைவுக்கு வருகின்றன. அவை துன்பம் தருவன. ஆதலின் நோயுற்றவர் உடனே மருத்துவரை நாடுகின்றார். தக்க மருந்து உண்டபின் சில நாட்களில் அவை நீங்கிவிடுகின்றன. நீரிழிவோ இவ்விரு வகையிலும் வேறுபட்டது. பெரியோர்க்கு வரும் நீரிழிவு தொடக்கத்தில் வலி தருவதில்லை. வந்தபின் எளிதில் நீங்கிப் போவதுமில்லை. வலியில்லாமையால் பலர் அதனை நோயென்றே கருதுவதில்லை. “சர்க்கரைதானே! ஊரில் யாருக்குத்தான் இல்லை?” என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அந்நோயால் விளையும் கேடுகளுட் பெரும்பாலானவை இவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. நலமாக இருப்பதாகத் தோன்றுவது வேறு, நலமாக இருப்பது வேறு என்னும் உண்மையை இந்நோயைப்போல் தெளிவாக உணர்த்துவது பிறிதொன்றில்லை.

நீர் மிகுதியாக இழிந்து வெளிப்படுதலின், இந்நோய்க்கு நீரிழிவு என்னும் பெயர் அமைந்தது. சித்த மருத்துவர் இதனை மதுமேகம் என்பர். இலங்கைத் தமிழர் சலரோகம் என வழங்குவர். பொதுமக்கள் சர்க்கரை வியாதி என்பர். பொதட்டூர்பேட்டையிலிருந்து எல்லையைக் கடந்து தெலுங்கு பேசும் ஊர்களுக்குச் சென்றாலும், ‘சக்கெர வியாதி’ என்னும் பெயர் செவியில் விழும். பழைய கிரேக்கர் இட்ட ‘டயாபிடிஸ்’ என்னும் பெயரும் ஊடு செல்லுதல் என்னும் பொருளுடையதே. பருகிய நீர் உடலில் தங்காது ஊடுருவிச் செல்லுதலைக் கண்டு அவர்கள் அப்பெயரை இட்டனர்.

இந்நோய் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பாரதநாட்டு மருத்துவ நூல்களை ஆக்கிய சரகரும் சுசுருதரும் இதனை அறிந்திருந்தனர். நோயாளியின் சிறுநீர் தேனைப்போல் இனிப்பதையும், அதனை எறும்புகள் மொய்ப்பதையும் பண்டை மருத்துவர் கண்டறிந்தனர். பிறவியிலேயே அமைவது, தகாத உணவுப் பழக்கத்தால் வருவது என்று இந்நோயைச் சுசுருதர் இருவகையாகப் பிரித்துள்ளார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிட்டேயஸ் என்னும் கிரேக்க மருத்துவர், உடலின் தசையே உருகிச் சிறுநீராய் வெளியேறுவது போன்ற நோய் இது என எழுதினார். 1776-ஆம் ஆண்டில் மாத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சி நின்ற பொருள் சர்க்கரையே என்று மெய்ப்பித்தார். இரத்தத்திலும் இனிப்பு இருத்தலை அவர் கண்டார். ஆனால் அச்சர்க்கரை ஏன் அளவுக்கு மிஞ்சிச் சேர்கின்றது என்பது அன்று எவர்க்கும் விளங்கவில்லை.

அதனை அறிவதற்கு, உண்ட உணவு உடலில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதைத் தெரிந்து கொள்ளல் வேண்டும். சோறு, களி, இட்டிலி, பழம் ஆகியவற்றிலுள்ள மாப்பொருளும் இனிப்பும் செரித்தபின், குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தம் அதனை உடலெங்குமுள்ள உயிரணுக்களுக்குக் கொண்டு செல்கின்றது. உயிரணுக்கள் அதனை எரித்து ஆற்றல் பெறுகின்றன. கை நெய்வதும் கால் நடப்பதும் மூளை சிந்திப்பதும் இவ்வாற்றலினாலேயே நிகழ்கின்றன. ஆகவே, சர்க்கரை உடலுக்குப் பகையன்று. அஃது உடலின் எரிபொருள். அது சேரவேண்டிய இடத்தைச் சேராது இரத்தத்திலேயே தேங்கி நிற்பதுதான் நோய்.

உயிரணுக்களின் வாயில் எப்பொழுதும் திறந்திருப்பதில்லை. பெரும்பாலான உயிரணுக்களுக்குள் குளுக்கோஸ் தாராளமாகப் புக வேண்டுமாயின், இன்சுலின் என்னும் சுரப்புநீர் துணை செய்தல் வேண்டும். பூட்டிய கதவுக்குத் திறவுகோல் எத்தகையதோ, உயிரணுவுக்கு இன்சுலின் அத்தகையது. இரைப்பையின் பின்புறத்தே ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுடைய கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அதனுள், கடலிடையே தீவுகள் போல, நுண்ணிய அணுத்திரள்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டு மருத்துவ மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் அவற்றை முதன்முதலாகக் கண்டு கூறினார். அத்திட்டுகளே இன்சுலினைச் சுரக்கின்றன.

நலமுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகின்றது. காலையில் வெறும் வயிற்றோடு இருக்கும்போது அவ்வளவு இரத்தத்திலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவே. இச்சிறு அளவினைக் கூடாமலும் குறையாமலும் இன்சுலினும் பிற சுரப்புநீர்களும் இரவும் பகலும் காத்து வருகின்றன. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில், வெறும் வயிற்றில், 100 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருப்பது இயல்பு நிலை. அது 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்து, மறுமுறை சோதித்தபோதும் அவ்வாறே காணப்படின், நீரிழிவு எனத் துணியப்படும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலை, நோய் வாயிலில் வந்து நிற்பதை அறிவிக்கும் எச்சரிக்கையாகும்.

இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைக் கடக்கும்பொழுது, சிறுநீரகங்களால் அதனைத் தடுத்து நிறுத்த இயலுவதில்லை. சர்க்கரை சிறுநீரில் இறங்குகின்றது. இறங்கும்போது தன்னுடன் நீரையும் இழுத்துச் செல்கின்றது. அதனால் சிறுநீர் அடிக்கடி வெளியேறுகின்றது, நாவறட்சி மிகுகின்றது. இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடப்பதால் பசி மிகுகின்றது, உண்டும் உடல் மெலிகின்றது, களைப்பு நீங்குவதில்லை. வெள்ளம் கரை புரண்டோடும் ஆற்றின் நடுவே பருக நீரின்றித் தவிப்பார் நிலையை இஃது ஒக்கும். புண் ஆறாமை, பார்வை மங்குதல், கால் மதமதத்தல் ஆகியனவும் இந்நோயின் அறிகுறிகளாம். எனினும், 126-க்கும் 180-க்கும் இடைப்பட்ட நிலையிலுள்ள பலர்க்கு இவற்றுள் ஒன்றேனும் தோன்றுவதில்லை. அதனாற்றான் அறிகுறி வரட்டும் எனக் காத்திராமல், இரத்தத்தைச் சோதித்தறிய வேண்டும் என மருத்துவர் வற்புறுத்துகின்றனர்.

நீரிழிவு பெரும்பாலும் இருவகைப்படும். முதல்வகையில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே தவறிச் சென்று, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றது. இது சிறுவர்க்கும் இளைஞர்க்கும் மிகுதியாக வருவது. அவர்கள் இனிப்பை மிகுதியாக உண்டதனாலோ பெற்றோர் செய்த பிழையாலோ இது வருவதன்று. இவ்வகையினர்க்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி இன்றியமையாதது; அதனை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர்க்கு இறுதி நேரும். இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைந்துவிடுகின்றது. குடும்ப வழி, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடலுழைப்பின்மை, அளவு மீறிய உணவு ஆகியன இதற்குக் காரணங்களாம். நீரிழிவுற்றோரில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. இவையன்றி, கருவுற்ற காலத்தில் மகளிர் சிலர்க்கு வரும் நீரிழிவும் உண்டு. கருவுற்ற மகளிர் அனைவர்க்கும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும் என்று சென்னை மருத்துவர் வீ. சேஷையா பல்லாண்டுகள் வலியுறுத்தி வந்தார்.

1889-ஆம் ஆண்டில் மிங்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் அறிஞர் இருவர், கணையத்தை அகற்றிய நாய்க்குக் கடும் நீரிழிவு வருவதைக் கண்டனர். கணையத்தில் ஏதோ ஒரு பொருள் சர்க்கரையை அடக்கி வருகின்றது என்பது அதனால் விளங்கிற்று. அப்பொருளைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றும் பயன் காணவில்லை. அந்நாளில் முதல்வகை நீரிழிவுற்ற குழந்தைகளுக்கு உணவைப் பெரிதும் குறைத்தலே மருத்துவமாயிருந்தது. அஃது அவர்கள் வாழ்நாளைச் சில திங்களோ சில ஆண்டுகளோ நீட்டித்ததேயன்றி, உயிரைக் காக்கவில்லை. பிள்ளைகள் எலும்பும் தோலுமாய் மெலிந்து மறைந்தனர்.

1921-ஆம் ஆண்டுக் கோடையில், கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் பேண்டிங் என்னும் இளம் மருத்துவரும், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பேராசிரியர் மெக்ளியாட் இடமும் கருவியும் தந்தார். வேதியியல் வல்லுநர் காலிப், கணையச் சாற்றினைத் தூய்மை செய்யும் பணியை மேற்கொண்டார். 1922 ஜனவரி 11-ஆம் நாள், மரணத்தை எதிர்நோக்கியிருந்த லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி இடப்பட்டது. அம்மருந்து தூய்மை குறைந்திருந்தமையால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. காலிப் மேலும் தூய்மைப்படுத்தித் தந்த மருந்து ஜனவரி 23-ஆம் நாள் செலுத்தப்பட்டது. சிறுவனது இரத்தச் சர்க்கரை குறைந்தது. அவன் தெளிவு பெற்றான். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் அவன் உயிர் வாழ்ந்தான். 1923-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்ளியாடுக்கும் அளிக்கப்பட்டது. பேண்டிங் தம் பங்கினைப் பெஸ்டுடனும், மெக்ளியாட் தம் பங்கினைக் காலிப்புடனும் பகிர்ந்து கொண்டனர். பெருஞ்செல்வம் தரக்கூடிய அம்மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தோர் பல்கலைக்கழகத்திற்குத் தலைக்கு ஒரு டாலர் விலைக்கே கொடுத்துவிட்டனர். மக்கள் உயிர் காக்கும் பொருளை வாணிகப் பொருளாக்க அவர்கள் விரும்பவில்லை.

இன்சுலின் சாவைத் தடுத்தது. ஆனால் நோயை வேரறுக்கவில்லை. இன்று மருந்து விடுபட்டால் நாளை சர்க்கரை மீண்டும் உயரும். இரண்டாம் வகையினர் உண்ணும் மாத்திரைகளுக்கும் இஃது ஒக்கும். இவ்வுண்மையை மறப்பதனால் விளையும் தீங்கு பெரிது.

நெசவாளர் ஒருவர் இந்நோயுற்றார் என்று கொள்க. அவர் நெய்த அளவுக்கே கூலி பெறுபவர். மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நின்று மருந்து பெற்று மீள்வதற்குள் அரைநாள் கழிந்துவிடும். அன்றைய கூலி பாதியாகிவிடும். இரண்டு திங்கள் மாத்திரை உண்டபின் நாவறட்சியும் களைப்பும் நீங்குகின்றன. “உடல் தேறிவிட்டது, இனி எதற்கு மருந்து?” என்று அவர் கருதுகின்றார். குடையின் கீழ் நனையாது நிற்பவர், தாம் நனையாமையைக் கண்டு கொட்டும் மழையில் குடையை மடக்குவது போன்றது இச்செயல். மருந்து நின்றபின் சர்க்கரை மெல்ல உயர்கின்றது. வலி இல்லை, ஆகவே அவர் அறிவதில்லை. ஆண்டுகள் சில கழிகின்றன.

அவ்வாண்டுகளில் உடலினுள் நிகழ்வன பல. மிகுந்த சர்க்கரை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றது. கண்ணின் விழித்திரையிலுள்ள குழாய்கள் கசிந்து பார்வையை மறைக்கின்றன. சிறுநீரகத்திலுள்ள வடிகட்டிகள் பழுதடைகின்றன. இரத்தத்தின் கழிவுகள் நீங்காமல் தேங்குகின்றன. நரம்புகள் உணர்ச்சி இழக்கின்றன. பெரிய குழாய்கள் தடித்து அடைபடுவதால் மாரடைப்பும் பக்கவாதமும் நேர்கின்றன. கண்பார்வை மங்கியபோதும், கால் வீங்கியபோதும் அவர் மருத்துவமனையை அடைகின்றார். ஆனால் பழுதடைந்த சிறுநீரகத்தையும் ஒளியிழந்த விழித்திரையையும் முன்போல் ஆக்குதல் அரிது. அரைநாள் கூலியைக் காக்க எண்ணியவர் தறியையே இழக்கின்றார். அவருடைய பிள்ளைகள் பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லும் நிலையும் நேரலாம். ஒருவர் உடலில் தோன்றிய நோய் ஒரு குடும்பத்தின் வாழ்வை இவ்வாறு மாற்றிவிடுகின்றது.

உணர்ச்சி இழந்த கால் எத்தகைய இடுக்கண் தரும் என்பதைத் திருத்தணிகையில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஆண்டின் நாட்களைக் குறிப்பனவாகச் சொல்லப்படும் 365 படிகளை ஏறி மக்கள் முருகனை வழிபடுகின்றனர். ஆடிக் கிருத்திகை நாளில் காவடி ஏந்தி வருவோர் எண்ணற்றோர். வெயிலில் காய்ந்த கல் சுட்டவுடன், நலமுள்ளவர் நிழலை நோக்கி விரைவர். நரம்பு மரத்த காலோ சூட்டை உணராது. கொப்புளம் எழுந்து உடைந்தாலும், முள் தைத்தாலும், அவர் அறியார். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அப்புண் ஆறாது அழுகும். இறுதியில் காலையே அகற்ற நேரும். வலி என்பது உடலைக் காக்கும் காவலன். அக்காவலன் உறங்கிவிட்டபின் கண்ணே காவல் செய்தல் வேண்டும். ஆதலின் நீரிழிவுற்றோர் நாள்தோறும் இரவில் தம் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் கூர்ந்து நோக்குதல் வேண்டும்; வெறுங்காலுடன் நடத்தலைத் தவிர்த்தல் வேண்டும்.

இந்நோய் எத்துணை விரைவாகப் பெருகியுள்ளது என்பதைக் கணக்குகள் காட்டுகின்றன. 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், நகரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரும், கிராமங்களில் அதனினும் குறைந்தோருமே இந்நோயுடையராகக் காணப்பட்டனர். அக்கழகத்தின் துணையுடன் நாடு முழுவதும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வோ, வயது வந்தோருள் நூற்றுக்குப் பதினொருவர்க்கு மேல் நீரிழிவுடையர் என்று கூறுகின்றது. அஃதாவது, 10 கோடிக்கு மேற்பட்டோர் ஆவர். நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேற்பட்டோர். நகரத்தார்க்கும் செல்வர்க்கும் உரிய நோய் என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்டது, இன்று சிற்றூர்களிலும் உழைப்போர் இல்லங்களிலும் புகுந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்நோயை எதிர்க்கும் முயற்சி நெடுங்காலத்திற்கு முன்னரே தொடங்கியது. பேராசிரியர் மா. விசுவநாதன் என்னும் மருத்துவர் 1948-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் இந்நோய்க்கெனவே ஒரு மருத்துவமனையை நிறுவினார். நீரிழிவு நோயாளிக்கு மருந்து மட்டும் போதாது, அறிவும் தரவேண்டும் என்னும் கொள்கை அத்தகைய நிலையங்களால் வலுப்பெற்றது.

பின்னாளில் 2006-ஆம் ஆண்டில், செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள சூணாம்பேட்டையும் அதனைச் சூழ்ந்த 42 சிற்றூர்களையும் சென்னை மருத்துவர் சிலர் தேர்ந்தெடுத்தனர். மருத்துவக் கருவிகள் பொருத்திய ஊர்தி ஒன்று ஊர் ஊராகச் சென்றது. அவ்வூர்தியில் எடுத்த கண்படங்கள் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலுள்ள வல்லுநர்க்கு அனுப்பப்பட்டன. அவ்வூர்களில் வாழ்ந்த வயது வந்தோருள் நூற்றுக்கு எண்பத்தைவருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். மருத்துவம் மக்களைத் தேடிச் செல்லுமாயின், மக்கள் அதனை ஏற்பர் என்பது இதனால் தெளிவாயிற்று.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரப்பியது. இத்திட்டத்தின்படி, பயிற்சி பெற்ற மகளிர் வீடுகளுக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கின்றனர்; நோயுள்ளோர்க்குரிய மாத்திரைகளை இல்லத்திலேயே வழங்குகின்றனர். அரைநாள் கூலியை இழக்க அஞ்சி மருந்தை விடுவோர்க்கு இது பெருந்துணை. மருந்து வாயிலுக்கு வந்தாலும் அதனை உண்ணும் கடமை நோயாளியினுடையதே.

நோய் வருமுன் காத்தல் இயலுமா என்னும் வினாவுக்கும் சென்னையில் விடை கிடைத்துள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும், நோயின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து, முடிவினை 2006-இல் வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். நாள்தோறும் நடந்து, உணவை ஒழுங்கு செய்து கொண்டோருள் நூற்றுக்கு 39 பேரே நீரிழிவுற்றனர். பொருட்செலவு ஏதுமில்லாத நடையும் உணவு ஒழுங்கும் இத்துணைப் பயன் தந்தன.

உணவு ஒழுங்கு என்பது பட்டினியன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் உள்ள பாக்களுட் பல, மருந்தின் பெயரைக் கூறாமல் உண்ணும் அளவையும் முறையையுமே கூறுதல் கருதத்தக்கது. அரிசியை விடுத்துக் கோதுமையோ கேழ்வரகோ உண்டால் எவ்வளவும் உண்ணலாம் என்று சிலர் நினைக்கின்றனர். அவையும் மாப்பொருளே, செரித்தபின் சர்க்கரையாவனவே. வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாக வெல்லமும் தேனும் பனங்கற்கண்டும் தீங்கற்றவை என்பதும் பிழை. தட்டில் சோற்றைக் குறைத்து, கீரையும் காயும் பருப்பும் மிகுத்தல் நன்று. தறியிலோ மேசையிலோ நெடுநேரம் அமர்ந்திருப்போர் இடையிடையே எழுந்து உலாவுதலும், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும் வேண்டும். புகையிலையை அறவே நீக்குதல் வேண்டும். நீரிழிவுடன் புகையும் சேர்ந்தால் இரத்தக் குழாய்கள் மேலும் விரைவில் கெடும்.

ஒரே மருந்தில் நீரிழிவை வேரோடு நீக்குவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பி, உண்டுவரும் மருந்தை நிறுத்தியோர் பெருந்தீங்குற்றுள்ளனர். சிலர் உடல் எடையைப் பெரிதும் குறைத்து மருந்தின்றியே சர்க்கரையை இயல்பு நிலைக்குக் கொணர்தல் உண்டு. அவர்களும் மருத்துவர் மேற்பார்வையிலேயே அதனைச் செய்தல் வேண்டும். சோதனையை நிறுத்துதல் கூடாது. மூன்று திங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனையும், ஆண்டுக்கொருமுறை கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றின் சோதனையும் இன்றியமையாதன. மருந்து உண்டு உணவைத் தவறவிட்டால் சர்க்கரை அளவுக்குக் குறைந்துவிடுதலும் உண்டு. அப்பொழுது வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், மயக்கம் தோன்றும். நினைவுள்ளபோதே உடனே சிறிது சர்க்கரையோ இனிப்பு நீரோ தருதல் உயிர் காக்கும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாமல், விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

இளம் மாணவர்க்கு இதில் பங்கு உண்டு. பாட்டனார் பாட்டியார் மாத்திரை உண்டனரா என நாள்தோறும் கேட்டறியலாம். பார்வை மங்கிய பெரியோரின் உள்ளங்காலை அவர்கள் சார்பில் நோக்கிச் சொல்லலாம். மருந்துச் சீட்டையும் சோதனைச் சீட்டையும் படித்துக் காட்டலாம். இன்சுலின் ஊசி இட்டுக்கொள்ளும் தோழன் வகுப்பில் இருப்பின், அவனை இரக்கத்தோடு ஒதுக்காமல், விளையாட்டிலும் கல்வியிலும் சமமாகச் சேர்த்துக் கொள்ளலாம். இன்சுலினைக் கண்ட பேண்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளை உலகம் நீரிழிவு நாளாகக் கொண்டாடுகின்றது; இந்தியாவில் அதுவே குழந்தைகள் நாளுமாகும்.

நீரிழிவு அஞ்சி ஒடுங்குதற்குரிய நோயன்று. இகழ்ந்து விடுதற்குரிய நோயுமன்று. அதனை அறிந்து, அளவறிந்து உண்டு, நாள்தோறும் உழைத்து, தவறாது மருந்து கொள்வோர் எழுபதும் எண்பதும் கடந்து தம் தொழிலைச் செய்து வாழ்கின்றனர். வலியில்லை என்று வாளாவிருப்போரே அதற்கு இரையாகின்றனர். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அப்பொழுதே தறியை நிறுத்தி முடிச்சிடுவர். பின்னர்ப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டால், அக்குறை துணியின் நீளம் முழுதும் தொடரும் என்பதை அவர் நன்கறிவர். அந்த விழிப்பு தம் உடலிடத்தும் மக்களுக்கு வேண்டும்.